கல்வராயன் மலையும் பாம்புக்கடி மருந்தும்

பாம்பு கடித்து ஒருவன் இறந்தான் என்றால், "அவன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லிக் கண்ணீரைத் துடைத்துக் கொண்டு மறுநாள் வயலுக்குப் போவது நம் கிராம ஜனங்களின் வழக்கமாக இருந்து வருகிறது. அந்த விதியின் கணக்கு எவ்வளவு என்பது 2020-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியினால் தெரிய வந்தது. 2000 முதல் 2019 வரையுள்ள இருபது வருஷங்களில் இந்தியாவில் பாம்புக்கடியினால் மாண்டவர்கள் சுமார் 12 லக்ஷம் பேர். வருஷத்திற்குச் சராசரி 58,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். நாலில் ஒரு பங்குக்கு மேல் பதினைந்து வயது நிரம்பாத குழந்தைகள். ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் வீட்டில் உயிர்விட்டவர்களே மிகுதி. இக்கடிக்குக் கண்கண்ட மருந்து ஒன்று உண்டு. அது கண்டுபிடிக்கப்பட்டு நூற்று முப்பது வருஷங்கள் ஆகின்றன. ஆகையால் பாம்பு இத்தனை பேரைக் கொன்றது என்பதைவிட, மருந்து இத்தனை பேருக்குக் காலத்தில் போய்ச் சேரவில்லை என்பதே பொருத்தமாகும் என்பது நமது அபிப்பிராயம்.

2024-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மத்திய சர்க்கார், 2030-க்குள் பாம்புக்கடிச் சாவுகளைப் பாதியாகக் குறைப்பதென்று ஒரு திட்டம் வெளியிட்டனர். அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாட்டுச் சர்க்காரும், பாம்புக்கடியைச் சுகாதார இலாகாவுக்கு அவசியம் அறிவிக்க வேண்டிய நோயாகப் பிரகடனம் செய்தார்கள். இரண்டும் வரவேற்கத் தக்கவையே. ஆனால் கணக்கெடுப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. இந்த வேற்றுமையைக் கண்ணாரக் காண விரும்புவோர் கள்ளக்குறிச்சி ஜில்லாவுக்குச் சென்று, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலைப் பாதையில் ஒரு முறை ஏறி வரட்டும்.

2019-ம் வருஷத்தில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான இப்பிரதேசம் கரும்புக்கும் நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் பெயர் பெற்றது. கரும்புத் தோட்டத்தில் எலி பெருகும். எலியைத் தேடிப் பாம்பு வரும். அதே தோட்டத்தில் வெறுங்காலுடன் சோகை உரிக்கும் கூலியாளும் இருப்பான். மலை மேலோ மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமை விதைத்தும், மரவள்ளி நட்டும், கடுக்காய் பொறுக்கியும் ஜீவிக்கிறார்கள். இவர்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்தவர்கள். தேசம் சுதந்திரம் பெற்று இருபத்தொன்பது வருஷங்களாகியும் அம்மலைக்கு மட்டும் அது ஏறிச் சேரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போன பிறகுதான் கல்வராயன் மலை ஜனங்களின் கதியைப் பற்றிச் சென்னை ஹைகோர்ட் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, சாலை உண்டா, வைத்தியம் உண்டா என்று கேள்வி கேட்கலாயிற்று. சாராய விஷம் ஒரே நாளில் பலரைக் கொன்றதால் தேசம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாம்பின் விஷமோ ஆளுக்கு ஒரு ராத்திரியாகக் கொல்லுகிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இம்மருந்து எத்தன்மையது என்பதை நம் வாசகர்கள் சற்று விவரமாக அறிந்துகொள்வது நலம். ஜுரத்துக்கும் தலைவலிக்கும் நாம் விழுங்கும் மாத்திரைகள் ரஸாயனச் சாலையில் கூட்டிச் சேர்க்கப்படும் சிறு பொருள்கள். பாம்புக்கடி மருந்து அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. இது புரதம். நீரிழிவுக்குப் போடும் இன்ஸுலினும் புரதமே. புரதத்தை வாயால் விழுங்கினால் வயிறு அதைப் பருப்பைப் போல் செரித்துவிடும். ஆகவே ஊசியால்தான் ஏற்ற வேண்டும். இத்தகைய மருந்தை உயிருள்ள ஒன்றின் உதவியின்றிச் செய்ய முடியாது. மிருகமோ, ஈஸ்டோ, கிருமியோ, வளர்ப்புத் தொட்டியிலுள்ள உயிரணுவோ, ஏதேனும் ஒன்று அதைத் தன் உடலில் உண்டாக்கித் தர வேண்டும். பிறகு மற்ற அழுக்கெல்லாம் நீக்கி அதை மாத்திரம் பிரித்தெடுக்க வேண்டும். மருந்து ஒரு பங்கு, சுத்தம் செய்யும் வேலை ஒன்பது பங்கு என்று சொன்னாலும் தவறில்லை.

பாம்புக்கடி விஷயத்தில் அந்த உயிர் குதிரை. 1891-ல் ஸைகோன் பக்கத்தில் வெள்ளம் வந்து நாகங்கள் ஊருக்குள் புகுந்து பலரைக் கடித்தன. அச்சமயம் அங்கிருந்த கால்மெட் என்னும் பிரெஞ்சு டாக்டர் அவ்விஷத்தை ஆராயத் தொடங்கினார். 1895 வாக்கில், விஷத்தைச் சிறிது சிறிதாக மிருகங்களுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் மாற்றுப் பொருளைக் கொண்டு மனிதனைப் பிழைக்க வைக்கலாமென்று காட்டினார். தம் மருந்து எல்லாப் பாம்புக்கும் ஆகுமென்று அவர் எண்ணினார். பிரேஸில் தேசத்து வைத்தியர் வைடல் பிரேஸிலும் இந்தியாவிலிருந்த சில டாக்டர்களும் அது சரியல்லவென்று நிரூபித்தார்கள். நாகத்தின் விஷத்துக்குச் செய்த மருந்து விரியனுக்கு உதவாது. எந்தப் பாம்பின் விஷமோ, அந்தப் பாம்பின் விஷத்தைக் கொண்டே மருந்து செய்தாக வேண்டும்.

அந்த விஷம் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் தமிழ்நாடு பெருமை கொள்ளவும், ஓரளவு வெட்கப்படவும் வேண்டியிருக்கிறது. இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யும் கம்பெனிகளுக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பகுதி செங்கற்பட்டு ஜில்லா வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டத்தால் தடுக்கப்பட்டு இருளர்கள் பிழைப்பின்றித் தவித்த காலத்தில், 1978-ல், ராமுலஸ் விட்டேகரின் முயற்சியால் இச்சங்கம் அமைந்தது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கையும், வனத்துறை அனுமதிக்கும் அளவில், இருளர்கள் வளையில் தேடிப் பிடிக்கிறார்கள். சில வாரங்கள் மண்பானையில் வைத்து வாரம் ஒரு முறை விஷம் எடுத்துக்கொண்டு, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டு, மறுபடி காட்டில் விட்டு விடுகிறார்கள். புல்லில் பட்ட தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு எப்போது போயிற்று என்று சொல்லும் வித்தை இவர்களுடையது. எந்தக் கலாசாலையும் இதற்குப் பட்டம் கொடுப்பதில்லை. 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது குறித்து நாம் பெருமகிழ்ச்சி அடைந்தோம். ஆனால் அவர்கள் இனத்தாரில் எத்தனை பேருக்குக் குடியிருக்கும் மனைக்குப் பட்டா உண்டு என்று கேட்டால், அந்த மகிழ்ச்சி குறையத்தான் செய்கிறது.

வடநெம்மேலியில் எடுக்கப்படும் விஷம் உறைய வைத்து உலர்த்தப்பட்டுத் தூளாகி ஹைதராபாத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் பயணமாகிறது. அங்கே குதிரைகளுக்கு அதை அணுப்பிரமாணமாகத் தொடங்கி, மாதக்கணக்கில் ஏற்றிக்கொண்டே வருகிறார்கள். குதிரையின் இரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் புரதங்கள் போதிய அளவு பெருகியவுடன் இரத்தத்தை எடுத்து, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, மஞ்சள் நிறமான பிளாஸ்மாவை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அதில் வேண்டிய புரதம் கொஞ்சம்; வேண்டாதவை ஏராளம். எதிர்ப்புப் புரதம் ஆட்டுக்காரன் கையிலுள்ள கவைக்கோலைப் போன்ற வடிவமுடையது. கவையின் இரு கிளைகளும் விஷத்தைப் பற்றிக்கொள்ளும். பிடியினால் நோயாளிக்கு நன்மையில்லை, அது ஒவ்வாமைக்கும் இடந்தரும். ஆகவே வயிற்றில் உணவைச் செரிக்கும் பெப்ஸின் என்ற பொருளை அமிலத்துடன் சேர்த்து அந்தப் பிடியை வெட்டிவிடுகிறார்கள். பிறகு அம்மோனியம் ஸல்பேட்டு உப்பையோ கேப்ரிலிக் அமிலத்தையோ கொண்டு, வேண்டியதையும் வேண்டாததையும் பிரிக்கிறார்கள். நுண்ணிய வடிகட்டிகளில் கிருமி நீக்கி, ஜுரமுண்டாக்கும் பொருள் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து, சுண்டெலிகளுக்கு விஷத்துடன் செலுத்தி வீரியத்தைச் சோதித்து, கடைசியில் உறைய வைத்து உலர்த்திக் குப்பியில் அடைக்கிறார்கள். ஐயனார் கோயிலில் மண்குதிரை செய்து வைத்து, விஷ ஜந்துக்களிடமிருந்து காக்கும்படி வேண்டிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். உயிருள்ள குதிரை உண்மையிலேயே காக்கிறது. அதற்கு ஒரு பொங்கல் வைத்தாலும் தகும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இம்மருந்தின் ஒரு மில்லி லிட்டர், 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்க வேண்டுமென்பது நம் நாட்டு நியமம். ஒரு குப்பியைக் கரைத்தால் 10 மில்லி லிட்டர். ஆகவே ஒரு குப்பி 6 மில்லிகிராமை முறிக்கும். கண்ணாடி விரியன் ஒரு கடியில் ஏற்றும் விஷம் சராசரி 63 மில்லிகிராம் என்கிறார்கள். தொடக்கத்திலேயே பத்துக் குப்பிகள் வேண்டுமென்று டாக்டர்கள் விதித்திருப்பதன் காரணம் இதுதான். ஆறு மணி நேரம் கழித்தும் இரத்தம் உறையாவிட்டால் மேலும் வேண்டியிருக்கும். எனவே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு குப்பிகளை அலமாரியில் வைத்துவிட்டு, "மருந்து இருப்பிலுண்டு" என்று எழுதிக்கொள்வது, பத்துப் படி அரிசி வேண்டிய பந்திக்கு இரண்டு படி வடித்து இறக்குவதற்கு ஒப்பாகும்.

சுகாதார நிலையங்களிலும் இம்மருந்து வைக்கப்பட்டிருப்பதாகச் சர்க்கார் தரப்பில் கூறப்படுகிறது. அதை நாம் மறுக்கவில்லை. 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்கி விநியோகிப்பதில் மற்ற ராஜ்யங்களுக்கு வழிகாட்டியாக விளங்குவதையும் நாம் அறிவோம். ஆனால் மருந்து குப்பியில் இருப்பது போதாது. அதை ஏற்றும் கை வேண்டும். குதிரைப் புரதம் மனித உடலுக்கு அந்நியமானது. சிலருக்கு மருந்து ஏறும்போதே மூச்சுத் திணறி, நாடி விழுந்துவிடும். அச்சமயம் அட்ரினலின் ஊசி பக்கத்தில் தயாராக இருந்தால் பிழைப்பார்கள். இந்த அச்சத்தினால் கை நடுங்கி, "கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போங்கள்" என்று சீட்டெழுதி அனுப்பிவிடும் இளம் டாக்டரை நாம் குறை சொல்லமாட்டோம். அவருக்குப் பயிற்சியும் துணையும் கொடுக்காமல் மலையேற்றி விட்டவர்களையே குறை சொல்லுவோம்.

2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரும் உபகாரம். சுவாச யந்திரமும் சிறுநீரகச் சிகிச்சையும் வேண்டுவோருக்கு அது புகலிடம். ஆயினும் கட்டு விரியன் அந்தக் கல்லூரி வாசலில் கடிப்பதில்லை. அது நடுராத்திரியில், தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவனைக் கடிக்கிறது. கடிவாயில் வலியில்லை, வீக்கமில்லை. எறும்பு கடித்ததென்று எண்ணிப் புரண்டு படுத்துவிடுகிறான். விடியற்காலையில் வயிற்றை வலிக்கிறது, இமை தொங்குகிறது, பேச்சுக் குழறுகிறது. இதற்குள் விஷம் நரம்பின் நுனியில் போய்ப் பற்றிக்கொண்டிருக்கும். இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷத்தையே மருந்து பிடிக்கும். நரம்பைக் கெடுத்துவிட்ட விஷத்தை அதனால் மீட்க முடியாது. மலைக் கிராமத்திலிருந்து பாதைக்கு வரவும், பாதையிலிருந்து கீழிறங்கவும் ஆகும் ஒவ்வொரு நாழிகையும் மருந்தின் பலத்தைத் தின்றுகொண்டே போகிறது. பத்துக் குப்பியை மேலேயே ஏற்றிவிட்டுக் கீழே அனுப்புவதற்கும், ஒன்றும் ஏற்றாமல் அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம்தான். கடித்தது விரியனா என்றறிய விலையுயர்ந்த கருவியும் தேவையில்லை. சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசையாமல் வைத்துப் பிறகு சாய்த்தால் போதும். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

மலைவாழ் மக்கள் பச்சிலையையும் மந்திரத்தையும் நம்பிக் காலத்தை வீணாக்குகிறார்கள் என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். ஏளனம் எளிது. நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப் பாம்பும் சில வேளைகளில் விஷமேற்றாமல் கடிக்கும். அப்படிக் கடிபட்டவர்களெல்லாம் பச்சிலையால் பிழைத்ததாகவே தோன்றும். வைத்தியருக்குப் பெயர் வளர்வதில் ஆச்சரியமில்லை. மேலும், எட்டும் தூரத்தில் டாக்டர் இல்லாதவன் எட்டும் தூரத்திலுள்ள வைத்தியரிடம் போகாமல் வேறெங்கே போவான்? கடிபட்டவரைத் தம்மிடம் நிறுத்தாமல் உடனே சுகாதார நிலையத்துக்கு அனுப்பும்படி அவ்வைத்தியர்களையே வேண்டிக்கொண்டு, அனுப்புகிறவர்களுக்கு மரியாதை செய்தால், பத்துப் பிரசங்கங்களால் ஆகாத காரியம் ஆகிவிடும்.

இனி இம்மருந்தின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. குதிரையின் எதிர்ப்புப் புரதங்களில் பாம்பு விஷத்தைப் பிடிப்பவை ஒரு சிறு பங்கே. மற்றவை அக்குதிரை தன் ஆயுளில் கண்ட வேறு நோய்களுக்கானவை. குப்பி குப்பியாக ஏற்ற வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே இனப் பாம்பின் விஷமும் பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறுகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த கார்த்திக் சுனகர் குழுவினர் 2019 முதல் வெளியிட்டுவரும் ஆராய்ச்சிகளின்படி, தமிழ்நாட்டு விஷத்தைக் கொண்டு செய்த மருந்து வடக்கிலும் மேற்கிலும் உள்ள சில பாம்புகளுக்கு நன்கு வேலை செய்வதில்லை. அந்த வகையில் கள்ளக்குறிச்சிக்காரன் பாக்கியசாலி. அவன் மருந்து கிட்டத்தட்ட அவன் மண்ணிலேயே பிறந்தது. ஆனால் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலுள்ள பச்சைக் குழிவிரியனுக்கு இந்த நால்வகை மருந்து ஆகாது. மலைப் பாம்புகளின் விஷத்தைத் தனியே சேகரித்துச் சோதிப்பது இன்றியமையாதது.

குதிரையே வேண்டாத காலமும் அடுத்து வருகிறது. விஷத்தைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதத்தின் சூத்திரத்தை மட்டும் எடுத்து, தொட்டியில் வளரும் உயிரணுக்களில் புகுத்தி, வேண்டிய அளவு உற்பத்தி செய்யலாம். 2024-ல் பெங்களூர் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து நாகம் முதலியவற்றின் ஒருவகை நரம்பு விஷத்தை முறிக்கும் அத்தகைய புரதம் ஒன்றை அறிவித்தார்கள். 2024-ல் நோபல் பரிசு பெற்ற டேவிட் பேக்கரின் குழுவினர், இயற்கையில் இல்லாத சிறு புரதங்களைக் கணிப்பொறியிலேயே வகுத்து, சுண்டெலிகளை நாக விஷத்திலிருந்து காப்பாற்றியதாக 2025 ஜனவரியில் வெளியிட்டார்கள். இவை ஆஸ்பத்திரிக்கு வர இன்னும் காலம் ஆகும். வரும்போது என்ன விலைக்கு வரும் என்பதுதான் நம் கவலை. சாகிறவன் ஏழை, ஏழைக்காக மருந்து செய்ய அந்நிய முதலாளி ஓடி வருவது அபூர்வம்.

விலையைக் குறைப்பது நம்மால் ஆகாத காரியமன்று. மஞ்சள் காமாலையில் ஒரு வகையான ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பு மருந்தும் புரதமே. அதை வெளிநாட்டிலிருந்து வாங்கியபோது ஏழைகள் தொட முடியாத விலையிலிருந்தது. 1997-ல் ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்னும் சுதேசிக் கம்பெனி அதைச் செய்யத் தொடங்கியவுடன் விலை பன்மடங்கு வீழ்ந்தது. ஈஸ்டைக் கொண்டு இன்ஸுலின் செய்யும் வேலை பெங்களூரில் நடந்து வருகிறது. ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் கைகூடியது சென்னைக்கு ஏன் கூடாது? கிண்டியில் 1899-ல் தோன்றிய கிங் நிலையம் இருக்கிறது. குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. செங்கற்பட்டில் நூறு ஏக்கரில் பல நூறு கோடி ரூபாய் செலவில் எழுப்பிய தடுப்பூசி வளாகமோ, 2021-ல் பெருந்தொற்று தேசத்தை உலுக்கியபோதும் ஒரு குப்பி மருந்தும் செய்யாமல் கிடந்தது. அதே ஜில்லாவில் இருளர்கள் பானைகளில் விஷம் சேகரித்து அயல் ராஜ்யத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பருத்தியை அனுப்பித் துணியாக வாங்கிய பழைய கதையை நாம் மறந்துவிடவில்லை.

பாம்புக்கடி மருந்தைப் பொதுத்துறையில், தமிழ்நாட்டிலேயே செய்ய வேண்டுமென்று நாம் கேட்கிறோம். அதில் இருளர் சங்கத்துக்கு விஷம் விற்பவர் என்ற ஸ்தானம் மட்டும் போதாது. பங்காளியாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும். விஷமெடுக்கும் பாம்புகளைக் காட்டிலிருந்து அவ்வப்போது பிடிப்பதற்குப் பதில், பதிவுடன் பராமரித்து வளர்க்க வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. அது அமலுக்கு வரும் நாளில், படித்தவர்கள் உள்ளே வந்து இருளர்கள் வெளியே போகும்படி ஆகிவிடக் கூடாது. பாம்பைக் கையாளும் வேலையிலும் அதைக் காக்கும் வேலையிலும் அவர்களே முதல்வர்களாயிருக்க வேண்டும்.

ஆலை எழும்ப வருஷங்கள் ஆகலாம். அதுவரை மலைமேல் செய்யக்கூடியதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை. குளிர்பெட்டி வேண்டாத உலர்ந்த தூள் மருந்தையே மலை நிலையங்களுக்கு அனுப்பலாம். மின்சாரம் நின்றாலும் அது கெடாது. தென்மேற்குப் பருவம் ஜூன் மாதத்தில் தொடங்குகிறது; பாம்புக்கடிச் சாவுகளில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையில்தான் நிகழ்கின்றன. அதற்கு முன்பாக, வெள்ளிமலையிலும் கல்வராயன் மலையின் மற்றச் சுகாதார நிலையங்களிலும், இன்று இருப்பிலுள்ள குப்பிகள் எத்தனை, அட்ரினலின் உண்டா, இன்றிரவு தங்கும் டாக்டர் யார், வண்டி எங்கே நிற்கிறது என்ற நான்கையும் வாசலில் ஒரு கரும்பலகையில் தினந்தோறும் எழுதி வைக்கும்படி சுகாதார இலாகா மந்திரி உத்தரவிடட்டும். பலகைக்கும் சுண்ணாம்புக் கட்டிக்கும் டெண்டர் விட வேண்டியதில்லை.